அருகிலுள்ள முழு எண்

ரூவியில் எங்கள் கட்டடத்துக்குப் பெயர் கிடையாது.
கீழே லாண்டரி இருப்பதால் லாண்டரி பில்டிங்.
டாக்ஸிக்காரரிடம் அப்படித்தான் சொல்வோம்.

பதினொன்றாம் வகுப்பு ப்ராஜெக்ட்:
ஒரு கூட்டத்தை எடு, அடுக்குகளாகப் பிரி,
அடுக்கின் அளவுக்கேற்ப ஆள் எடு,
ஒரே ஒரு கேள்வி கேள்.
ஷைனி மிஸ் பலகையில் கூடைகளும் பழங்களும் வரைந்தார்.
நான் கட்டடத்தையே எடுத்துக்கொண்டேன்,
வெயிலில் வேறெங்கும் அலைய வேண்டாமே என்றுதான்.

அடுக்கு என்றால் மாடி என்றே முதலில் நினைத்தேன்.
ஆனால் ஒரே மாடியில் குடும்பமும் இருக்கும்,
கட்டில் கணக்கில் வாடகை தருவோரும் இருப்பார்கள்.
செருப்புகளைப் பார்த்துப் பிரித்தேன்.
வாசலில் குட்டிச் செருப்பும் கிடந்தால் குடும்பம்.
பதினாலு ஜோடி, எல்லாம் பெரியவை என்றால் பேச்சிலர்.
வெள்ளை ஷூக்கள் வரிசையாக இருந்தால் நர்ஸுகள்.
மொட்டைமாடியில் தண்ணீர் மோட்டார் அறைக்கு வெளியே
மூன்று ஜோடி, ஒன்றுக்கு வார் இல்லை.

403-இல் கதவைத் திறந்தவள்
உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து
"அஞ்சு பேர்" என்றாள்,
ஈரக் கையைத் துடைத்தபடி.
உன்னையும் சேர்த்தா என்று நான் கேட்கவில்லை.
அஞ்சு என்றே எழுதினேன்.

எண்பத்தெட்டு. ஐம்பத்தாறு. பதின்மூன்று. மூன்று.
மொத்தம் நூற்று அறுபது.
இருபது பேர் போதும் என்றார் மிஸ், அதாவது
எட்டுக்கு ஒருவர்.
குடும்பத்தில் பதினொன்று, பேச்சிலரில் ஏழு
சுத்தமாக வகுபட்டன.
நர்ஸுகள் ஒன்றரையே அரைக்கால்; இரண்டாக்கினேன்.
மொட்டைமாடிக்கு வந்தது காலே அரைக்கால் ஆள்.
அருகிலுள்ள முழு எண் பூஜ்யம்.
"கூட்டு. இருபது வருதா? வருதுல்ல. பிறகென்ன?"

மொத்தாலிப் பாய் குழாயை இறுக்கிக்கொண்டே
என் நம்பர் எது என்று கேட்டார் இந்தியில்.
இன்னும் வரவில்லை என்றேன்.
சரி, வரும்போது சொல் என்று
ஸ்பானரை வாங்கிக்கொண்டார் என் கையிலிருந்து.

கேள்வி இதுதான்:
இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?

சீட்டுக் குலுக்கியதில் குடும்ப அடுக்கில்
நாற்பத்தொன்று வந்தது. வாப்பா.
மறுபடி குலுக்கக் கூடாதாம்;
வந்தது வந்ததுதான், சமவாய்ப்பு.
"ஏழு மணி நேரம். எழுதிக்க" என்றார்,
போனிலிருந்து தலை நிமிராமல்.
இரண்டரை மணிக்கு ஹாலில் ஃப்ரிட்ஜ் திறக்கும் ஓசை,
பிறகு திறக்காத நீண்ட நேரம், பிறகு
கால்குலேட்டர் பொத்தான்கள்,
இவை எனக்குத் தெரியும்.
ஏழு என்று எழுதினேன்.
இருபதுக்குப் பதினெட்டு மதிப்பெண்;
கிராஃபுக்கு அச்சு வரையாததால் இரண்டு போயிற்று.

மார்ச்சில் கம்பெனி எல்லாருக்கும் பாதிச் சம்பளம் என்றது.
உம்மாவும் நானும் தம்பி ஸுஹைலும் காயல்பட்டினத்துக்கு.
வாப்பா 204-க்கு. அதே கட்டடம்தான்.
பன்னிரண்டு கட்டில், அவருக்கு ஜன்னலோரம்
மேல்தட்டு.
"காத்து வரும்" என்றார் உம்மாவிடம்.

பெட்டியை எடைபோட்டு எடைபோட்டு
எதை எடுப்பது என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்க
பழைய நோட்டில் கணக்கைத் திரும்பப் போட்டேன்.
குடும்பம் எண்பத்து நாலு.
பேச்சிலர் ஐம்பத்தேழு.
மற்ற இரண்டும் அப்படியே. மொத்தம் நூற்றைம்பத்தேழு.
இருபதால் பெருக்கி, வகுத்து,
பத்துக்கு மேல் கொஞ்சம், ஏழுக்கு மேல் கொஞ்சம்,
தசமங்களை நெருங்கிய எண்ணுக்குத் தள்ளினால்
பதினொன்று, ஏழு, இரண்டு, பூஜ்யம்.

இரண்டு முறை சரிபார்த்தேன்.
விடையில் ஒன்றுகூட மாறவில்லை.
நோட்டு கால் கிலோ, விட்டுவிடு என்றாள் உம்மா.
விடுவதற்கு முன்
வாப்பா பெயருக்கு நேரே இருந்த ஏழை மட்டும் அழித்தேன்.
அழுக்கு ரப்பர்; அந்த இடம்
கறுத்துப் போனது.